விளிம்பில் ஓடாத மின்சாரம்

அந்த ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று யோகேஸ்வரி சொன்னபோது பேராசிரியர் லட்சுமிகாந்தம் சிரித்தார். தன் பெயர் வரவில்லையே என்று சண்டைக்கு வரும் மாணவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று ஒருத்தி வந்து நிற்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்னம்மா கிறுக்கு பிடிச்சிருக்கா? முதல் பேரே உன் பேருதான்."

"அதனாலதான் சார் வேண்டாங்கேன். அதுல எழுதியிருக்கது உண்மை இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காரச் சொன்னார். யோகேஸ்வரி உட்காரவில்லை.

அவள் தாயில்பட்டிக்காரி. அப்பா ராஜபாண்டியன் சாத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மா பத்திரகாளி பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்த யோகேஸ்வரி, தேசிய நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, வெளி மாநிலத்தில் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். லட்சுமிகாந்தமும் விருதுநகர்க்காரர்தான். பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். நேர்முகத் தேர்வில் அவள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "நம்ம பக்கத்துப் பிள்ளை" என்று மற்றவர்களிடம் சொல்லித் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். தாயில்பட்டியில் பத்திரகாளி அந்த ஒரு வார்த்தையை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அவர்கள் ஆராய்ந்தது அணுத் தடிமனே உள்ள தாள்களை. மாலிப்டினமும் டெலூரியமும் சேர்ந்த ஒரு படிகம், அடுக்கடுக்காக இருக்கும். செல்லோ டேப்பை ஒட்டி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒற்றை அடுக்கு கிடைக்கும். அதை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மறு பாதியின் மேல் லேசாகத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு கொசுவலைத் துணிகளைச் சற்றே கோணலாக ஒன்றன் மேல் ஒன்று போட்டால் பெரிய பெரிய கட்டங்கள் தெரியுமே, அது போல இந்த இரண்டு தாள்களுக்கு நடுவிலும் கட்டங்கள் உண்டாகும். எலக்ட்ரான்கள் அந்தக் கட்டங்களில் போய்க் குடியேறும். நன்றாகக் குளிர்வித்தால் அவற்றின் வேகம் அடங்கிவிடும். ஒன்றையொன்று தள்ளும் விசைதான் அங்கே ராஜ்யம் செய்யும். தனித்தனியாக யோசித்தால் சொல்லவே முடியாத காரியங்களை அவை கூட்டாகச் செய்யும். சில சமயம் எல்லாம் சேர்ந்து அசையாமல் உறைந்து நிற்கும். சில சமயம் உட்பகுதியில் மின்சாரம் செத்துப்போய், விளிம்பில் மட்டும் தடையில்லாமல் ஓடும். இந்த இரண்டாவதுக்குத்தான் உலகம் முழுக்கப் போட்டி. இதைக் குறிக்கும் டோபாலஜி என்ற சொல் கட்டுரைத் தலைப்பில் இருந்தால் பெரிய பத்திரிகைகள் கதவைத் திறக்கும் காலம் அது.

யோகேஸ்வரி பல மாதங்கள் தோற்ற பிறகு ஒரு நல்ல கருவியைக் கட்டினாள். காற்றுப் படாமல் மேலும் கீழும் போரான் நைட்ரைடு தாள் வைத்து மூடி, சுற்றிலும் அளப்பதற்கான தங்க முனைகள் பதித்த சிறு சில்லு. குளிர்வித்து அளந்தபோது, கட்டத்துக்கு ஓர் எலக்ட்ரான் என்ற அடர்த்தி வந்ததும் மின்தடை ஏறியது. சாதாரணக் கணக்குப்படி அங்கே மின்சாரம் தாராளமாக ஓட வேண்டும். ஓடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டத்துக்குப் போனால் அங்கே இருப்பவர் தள்ளுவார். யாரும் நகர முடியாது. அந்த வளைகோட்டைக் கணினித் திரையில் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் ஒரே ஒரு முனை ஜோடியில் மட்டும் தடை ஏறாமல் ஓரிடத்தில் நின்று சமதளமாக ஓடியது. விளிம்பில் மின்சாரம் ஓடினால் வரவேண்டிய அளவுக்கு அது நெருக்கமாக இருந்தது. லட்சுமிகாந்தம் துள்ளிக் குதித்தார். அன்றே தலைப்பை முடிவு செய்துவிட்டார்.

யோகேஸ்வரி அந்த ஜோடியை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தாள். அந்த மூலையில் தாளில் ஒரு மடிப்பு. மடிப்பில் கோணம் மாறியிருந்தது. மின்சாரம் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. உண்மையான விளிம்பு ஓட்டமாக இருந்தால் எந்த முனைகளை வைத்து அளந்தாலும் அதே கதைதான் வர வேண்டும். மற்ற முனைகளில் வரவில்லை. கருவியை வெளிச்சூட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி குளிர்வித்தபோது அந்தச் சமதளமும் வேறு உயரத்துக்கு நகர்ந்துவிட்டது. இதையெல்லாம் குழுக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினாள். உடன் ஆய்வு செய்த டென்னிஸும் அங்கே இருந்தான். அவன் நாகர்கோவில்காரன், அவளுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன்.

"மத்த முனைகள் சரியில்லன்னு எடுத்துக்குவோம்" என்றார் லட்சுமிகாந்தம்.

"மத்தது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சார். இந்த ஒண்ணுதான் சரியில்ல."

"எது சரின்னு நான் சொல்றேன்."

கட்டுரை எழுதப்பட்டது. மற்ற முனைகளின் அளவுகள் அதில் இல்லை. எல்லா முனைகளிலும் இப்படித்தான் இருக்கிறது என்ற ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் யோகேஸ்வரி அவர் அறைக்குப் போனாள்.

சாத்திய கதவுக்குள் அவர் நிதானமாகப் பேசினார். பெயரை எடுத்துவிடலாம், ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் தான்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். "ஊருல உங்கம்மா என்ன நினைப்பாங்கன்னு யோசி" என்றும் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுவாரம் அறையைக் காலி செய்து ரயில் ஏறிவிட்டாள். முனைவர் பட்டம் இல்லை. டென்னிஸ் ரயில் நிலையம் வரை வந்து பெட்டியைத் தூக்கிவைத்தான். அவன் பெயர் கட்டுரையில் இருந்தது. வண்டி கிளம்பும் வரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் பத்திரகாளி அழுதாள். பிறகு திட்டினாள்.

"அந்த மனுசன் நம்ம பக்கத்துக்காரரு. ஒன்னையக் கூட்டிட்டுப் போயி அம்புட்டு தூரத்துல படிக்க வச்சாரு. ஒரு வரிக்காக அவர எதுத்துக்கிட்டு வாரியே, நீ நல்லாருப்பியா?"

"அந்த ஒரு வரி பொய்யும்மா."

"இருக்கட்டுமே. யாரு செத்தா அதனால?"

"நீ பேசாத" என்றாள் யோகேஸ்வரி. "நீ மட்டும் இதுல பேசாத."

மகள் எதைச் சொல்கிறாள் என்று பத்திரகாளிக்குத் தெரிந்தது.

யோகேஸ்வரி எட்டாம் வகுப்பு படித்தபோது பத்திரகாளி வேலை பார்த்த ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. பக்கத்தில் நின்ற வள்ளித்தாய் அங்கேயே இறந்தாள். பத்திரகாளிக்கு இரண்டு முன்கைகளும் வெந்தன. தோல் சுருங்கி இன்றைக்கும் விரல்கள் முழுதாக விரியாது. அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, நேற்று மிச்சமான மருந்தைக் கொட்டி அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், தொட்டால் சூடாக இருக்கிறது, சீசன் ஆர்டர் என்று ஃபோர்மேன் கேட்க மாட்டேன் என்கிறான் என்று அவள் புலம்பியதை யோகேஸ்வரி காதால் கேட்டிருந்தாள். ஆனால் விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பத்திரகாளி, "என் கைதான்யா வேகமாப் பட்டுருச்சு" என்றாள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. ஆலை திறந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆலைதான் சோறு; மூடிக் கிடந்தால் அத்தனை பேரும் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயத்தில் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பது யோகேஸ்வரிக்குப் பின்னால் புரிந்தது. புரிந்தும் ஆறவில்லை. வள்ளித்தாயின் பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் அவளோடு வளர்ந்தது.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பட்டம் முடிக்காதவள் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வேலை. அவள் ஊர் திரும்பிய சில மாதங்களில் அந்தக் கட்டுரை அவள் பெயர் இல்லாமல் வெளியானது. விருதுநகரில் லட்சுமிகாந்தத்துக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பஜாரில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். கல்லூரிப் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். யோகேஸ்வரி ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். வேறு பக்கம் திரும்பி உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகு காற்று மாறியது. வேறு வேறு நாடுகளில் இரண்டு குழுக்கள் அதே மாதிரிக் கருவிகளைக் கட்டி அளந்தன. யாருக்கும் விளிம்பு ஓட்டம் தெரியவில்லை. எல்லா முனைகளின் அளவுகளையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பத்திரிகையும் கேட்டது. நிறுவனம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்த யோகேஸ்வரிக்கு டென்னிஸ் போன் செய்தான். ரயில் நிலையத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"யோகேஸ்வரி, சார் விசாரணைக் குழுவுக்குப் பதில் அனுப்பியிருக்காரு. நீ கேக்கணும்."

"சொல்லு."

"கருவியைக் கட்டினது நீதானாம். எல்லா முனையிலயும் நல்லாத்தான் இருந்துச்சாம். நீ கோவிச்சுக்கிட்டுப் போகும்போது கவனமில்லாம காத்துப் பட விட்டுட்டியாம். அதனால கருவி செத்துப்போச்சு, இப்போ மறுபடி அளக்க வழியில்லன்னு எழுதியிருக்காரு."

"என்ன வார்த்தை போட்டிருக்காரு? அப்படியே சொல்லு."

டென்னிஸ் வாசித்தான்: "மாணவியின் கவனக்குறைவு."

யோகேஸ்வரி போனை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அவன் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது கேட்டது. அந்த வார்த்தையை எழுதிய கைகள் எல்லாம் சுத்தமாக இருப்பதையும், யார் மேல் எழுதப்பட்டதோ அவர்கள் கைகள் மட்டும் வெந்து கிடப்பதையும் அவள் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். சாத்தூரில் எழுதினாலும் பெரிய ஆய்வு நிறுவனத்தில் எழுதினாலும் அதே வார்த்தை. போனை எடுத்து, "குழுத் தலைவரோட விலாசத்தை அனுப்பு" என்றாள். அன்றைக்கே எழுதினாள்: என்னைக் கேட்காமல் என் மேல் எழுதியதை முடிக்கக் கூடாது.

குழு அவளைக் காணொளியில் அழைத்தது. கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளை அனுப்பிவிட்டு, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே திருநெல்வேலி வண்டி கடந்தது. திரையில் குழுத் தலைவியான ஒரு வங்காளப் பெண்மணி, இன்னும் இரண்டு பேர், லட்சுமிகாந்தம், டென்னிஸ். விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது.

லட்சுமிகாந்தம் வருத்தத்தோடு பேசினார். "அருமையான கை இந்தப் பெண்ணுக்கு. பட்டாசு ஊரிலிருந்து வந்தவள், நுணுக்கமான வேலை ரத்தத்திலேயே இருக்கிறது. அவசரப் புத்திதான் குறை."

"நான் ஒரு பட்டாசு கூடச் சுற்றியதில்லை" என்றாள் யோகேஸ்வரி. "என் அம்மா என்னை ஆலை வாசலில் கூட விட்டதில்லை. கையைப் பற்றிப் பேச வேண்டாம். அளவுகளைப் பற்றிப் பேசுங்கள்."

மடிப்பைப் பற்றிச் சொன்னாள். சமதளம் நகர்ந்ததைச் சொன்னாள். குழுக் கூட்டத்தில் காட்டியதைச் சொன்னாள். அப்படி ஒரு படத்தைத் தான் பார்த்ததாக ஞாபகமில்லை என்றார் லட்சுமிகாந்தம். அப்புறம் தலைவி ஏதோ எழுதிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் திரையைப் பார்த்துத் தமிழில், ஊர்ப் பேச்சில், மெதுவாகச் சொன்னார்:

"ஏம்மா யோகேஸ்வரி, நம்ம ஊர்ப் பேரை இவுக முன்னாடி கெடுக்கணுமா? உன் தப்புதான்னு ஒத்துக்கிட்டுப் போ. யாரும் ஒண்ணுஞ் செய்ய மாட்டாக. டிகிரியை நான் வாங்கித் தாரேன்."

யோகேஸ்வரி குரலைத் தாழ்த்தி, தலைவியைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

"பேராசிரியர் இப்போது தமிழில் என்னிடம் பேசினார். உங்களுக்காக மொழிபெயர்க்கிறேன்." ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நம்ம ஊர் என்றதையும் சேர்த்து. "நான் சொன்னது சரிதானா என்று டென்னிஸிடம் கேளுங்கள். அவருக்கும் தமிழ் தெரியும்."

எல்லோரும் திரையில் டென்னிஸின் கட்டத்தைப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டான்.

"சரிதான்" என்றான். "கருவி சாகவும் இல்லை. காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் போகும்போது அவளே பத்திரமாக உள்ளே வைத்தாள், நான் பக்கத்தில் நின்றேன். பேராசிரியர் அதைக் குப்பையில் போடச் சொன்னார். நான் போடவில்லை."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்று தலைவி கேட்டாள்.

"அந்தக் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது."

லட்சுமிகாந்தம் தன் ஒலியை அணைத்துவிட்டு யாருக்கோ போன் செய்வது திரையில் தெரிந்தது.

குழு வேறோர் ஆய்வகத்திலிருந்து ஆள் அனுப்பி அந்தச் சில்லை எடுத்துக் குளிர்வித்து அளந்தது. அளக்கும்போது யோகேஸ்வரியும் கூட இருக்கலாம் என்றார்கள். கல்லூரியில் விடுப்பு எழுதிவிட்டுப் போனாள். அவள் மூடிவைத்த போரான் நைட்ரைடுக்குள் தாள்கள் கெடாமல் இருந்தன. கட்டத்துக்கு ஓர் எலக்ட்ரான் வந்ததும் தடை ஏறியது, அன்று ஏறிய மாதிரியே. முனை முனையாக மாற்றி அளந்தார்கள். மடிப்பு இருந்த மூலையைத் தவிர எங்கும் சமதளம் இல்லை. விளிம்பில் எதுவும் ஓடவில்லை. அளந்துகொண்டிருந்த ஆள் திரும்பி, "சுத்தமான வேலை" என்றார். யோகேஸ்வரி தலையாட்டினாள். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அளவுகளைத் தேர்ந்தெடுத்ததில் பிழை என்று பத்திரிகை அறிவித்தது. யார் தேர்ந்தெடுத்தார் என்று அறிவிக்கவில்லை. லட்சுமிகாந்தத்தைப் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று இரண்டு வருடம் தடுத்தார்கள். அதே வருடம் அவர் வேறொரு பெரிய திட்டக் குழுவுக்குத் தலைவரானார். விருதுநகரில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அங்கே செய்தி போய்ச் சேரவே இல்லை. யோகேஸ்வரியின் மேல் எழுதிய வார்த்தையை மட்டும் அழித்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் வருந்துகிறோம் என்ற சொல் இல்லை. அந்தச் சொல் வேண்டும் என்று மறுபடி எழுதினாள். இரண்டாவது மின்னஞ்சலில் இருந்தது.

வேறு வழிகாட்டியின் கீழ் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதித்தார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், எல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார்: "ஆக, டோபாலஜி எதுவும் இல்லை. வழக்கமான மின்கடத்தாப் பொருள்தான், இல்லையா?"

"வழக்கமானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றாள் யோகேஸ்வரி. அரங்கத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பாடப் புத்தகக் கணக்குப்படி இது உலோகம். ஓட வேண்டிய எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒன்றுகூட மிச்சமில்லாமல் நின்றுவிட்டிருக்கின்றன. குறையும் இல்லை, அழுக்கும் இல்லை. அவற்றுக்குள் இருக்கும் உறவுதான் காரணம். இந்த நிலை எப்போது உடையும், உடைந்தால் என்னவாகும் என்று இந்த அறையில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இவ்வளவு இருக்கும்போது, இல்லாத ஒன்றைத் தலைப்பில் போட ஆசைப்பட்டதால்தான் என் வாழ்க்கையில் மூன்று வருடம் போனது."

தேர்வாளர் தலையைக் குனிந்து குறிப்பைப் புரட்டினார். பட்டம் கொடுத்தார்கள்.

பத்திரகாளிக்குப் போனில் சொன்னபோது அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றாள் மகள். அவர்களுக்குள் அதற்கு மேல் எதுவும் சரியாகிவிடவில்லை.

இப்போது யோகேஸ்வரி வேறோர் ஆய்வகத்தில் இருக்கிறாள். டென்னிஸும் அவளும் சேர்ந்து அந்தப் பழைய சில்லைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். எல்லா முனைகளின் அளவுகளோடும். அவனை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், கட்டுரை எழுத மன்னிப்பு தேவையில்லை என்பாள்.

சென்ற ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். அமர்வுக்குத் தலைமை லட்சுமிகாந்தம். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, புன்னகையோடு, அடுத்துப் பேசுகிறவர் எங்கள் ஊர்ப் பெண், என் மாணவி என்று அறிமுகப்படுத்தினார். கை தட்டினார்கள்.

யோகேஸ்வரி மேடை ஏறி, தட்டல் ஓயும் வரை நின்றாள்.

"நான் அவருடைய மாணவி இல்லை" என்றாள். "முதல் படத்தைப் போடுங்கள்."

லட்சுமிகாந்தம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தார். அவள் மடிப்பைக் காட்டினாள், முனைகளைக் காட்டினாள், நேரம் முடியும் வரை பேசினாள். கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒருவர் எந்த வெப்பநிலை வரை இந்த உறைந்த நிலை தாங்குகிறது என்று கேட்டார். அவள் வளைகோட்டைத் திரும்பக் கொண்டுவந்து பதில் சொல்லத் தொடங்கினாள்.